புழுவிடம் படிக்கும் முதுமைப் பாடம்

திம்புள்ளப் பிரதேசத்தில் தேயிலையோடு வாழ்ந்து பழகியவர்களுக்குப் புழு என்பது புதிய செய்தியன்று. கொட்டகலை, லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை என விரிந்து செல்லும் மலைச்சரிவுகளில், சுற்றிலும் செடிகள் செழித்துக் கொழுந்து விட்டு நிற்க, இடையில் ஒரு திட்டு மாத்திரம் மஞ்சளித்துக் குட்டையாகி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். கவ்வாத்து வெட்டிய பின்னர் ஏனைய செடிகள் துளிர்த்தெழ, அத்திட்டில் உள்ளவை துளிர்க்க மாட்டாமல் ஒவ்வொன்றாகப் பட்டுப் போகும். உரம் போட்டாலும் தேறாது. மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தால், உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கறுத்து அழுகியிருக்கும். இதனைச் செய்வது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வட்டப்புழு. அரை மில்லிமீற்றர் நீளமே கொண்ட இப்புழுவின் விஞ்ஞானப் பெயர் பிரட்டிலெங்கஸ் லூஸி என்பதாகும். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, தேயிலை வேர்ப்புழுக்களை ஆராய்ந்த லூஸ் என்பாரின் பெயரையே 1960 ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளரான லூஃப் இப்புழுவுக்குச் சூட்டினார். எமது மலைநாட்டு ஆராய்ச்சி நிலையமொன்றின் நினைவு உலக விலங்கியல் அட்டவணையில் இவ்வாறு ஒரு புழுவின் பெயராக நிலைத்திருக்கிறது என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவர் என்பது தெரியவில்லை.

இன்று நாம் எழுத முற்பட்டது தேயிலையைக் கெடுக்கும் அப்புழுவைப் பற்றியன்று. அதன் தூரத்து உறவினர் ஒன்றைப் பற்றியே எழுதுகின்றோம். அதுவும் வட்டப்புழுவே. மண்ணிலும், அழுகும் பழங்களிலும், மக்கும் இலைகுழைகளிலும் வாழ்வது. எந்தப் பயிருக்கும் தீங்கு செய்யாது. எவர் குடலிலும் குடியேறாது. பற்றீரியாக்களைத் தின்று இரண்டு மூன்று வாரங்களில் வாழ்வை முடித்துக்கொள்ளும் இந்த ஒரு மில்லிமீற்றர் உயிரினம், உயிர்கள் ஏன் மூப்படைகின்றன என்ற கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வேறெந்த விலங்கையும் விடக் கூடுதலான விடைகளைத் தந்துள்ளது எனில் அது மிகையாகாது. அதன் பெயர் சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ். நீண்ட பெயராதலால் இக்கட்டுரையில் 'எலிகன்ஸ்' என்றே குறிப்பிடுவோம்.

இதனை முதன்முதலில் 1900 ஆம் ஆண்டில் விவரித்தவர் அல்ஜீரியாவில் வாழ்ந்த எமில் மொபா என்பவர். எனினும் இதற்கு உலகப் புகழைத் தேடித் தந்தவர் தென்னாபிரிக்காவில் பிறந்து பிரித்தானியாவின் கேம்பிரிஜ் நகரில் ஆய்வு நடத்திய சிட்னி பிரென்னர் ஆவார். மரபணு என்ற எழுத்துத் தொடர் எவ்வாறு ஓர் உடலாகவும் நரம்புத் தொகுதியாகவும் உருக்கொள்கிறது என்பதை அறிய விரும்பிய அவர், அதற்குப் பொருத்தமான எளிய விலங்கொன்றைத் தேடினார். 1963 ஆம் ஆண்டில் தமது ஆய்வுகூடத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்த எண்ணம் வெளிப்பட்டது. பதினொரு ஆண்டுகள் உழைத்து, 1974 இல் எலிகன்ஸ் புழுவின் மரபியலை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அவர் பயன்படுத்திய புழு இனம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்டதாகும். உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் வாழ்வன பெரும்பாலும் அந்த எருக்குவியலின் சந்ததிகளே.

யானையும் குரங்கும் எலியும் இருக்க, ஏன் இந்தப் புழு? முதலாவதாக, இதன் உடல் கண்ணாடி போன்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அறுக்காமலேயே உள்ளிருக்கும் ஒவ்வொரு கலத்தையும் காணலாம். வளர்ந்த இருபாற் புழுவொன்றின் உடலில் இனப்பெருக்கக் கலங்கள் தவிர்ந்த ஏனைய கலங்களின் எண்ணிக்கை 959. கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவற்றுள் 302 நரம்புக் கலங்கள். மனித மூளையிலோ பல ஆயிரம் கோடி. ஜோன் சல்ஸ்டன் என்ற ஆய்வாளர் முட்டைக்குள் ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, முழுப் புழுவாகும் வரையான வரலாற்றை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் நாள்தோறும் நுணுக்குக்காட்டியில் கண் பதித்திருந்து வரைந்து முடித்தார். ஒவ்வொரு கலத்தின் தாய் யார், பாட்டி யார் என்பதைக் கூறும் முழுமையான வம்சாவளி அவ்விதம் கிடைத்தது. வளர்ச்சியின்போது தோன்றும் கலங்களில் 131 கலங்கள் குறித்த நேரத்தில் தாமாகவே மடிந்து போகின்றன என்பதும் தெரியவந்தது. அந்த மடிவை இயக்கும் மரபணுக்களை ரொபர்ட் ஹோர்விட்ஸ் கண்டறிந்தார். பிரென்னர், சல்ஸ்டன், ஹோர்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2006, 2008, 2024 ஆம் ஆண்டுகளிலும் இப்புழுவை வைத்து ஆராய்ந்தவர்கள் நோபல் மேடையில் ஏறினர். 1998 இல் முழு மரபணுத் தொகுதியும் வாசித்தறியப்பட்ட முதலாவது விலங்கும் இதுவே.

இரண்டாவது காரணம் சிக்கனம். ஓர் எலி மூப்படைவதைக் காண மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மனிதனுக்கோ ஆய்வாளரின் ஆயுளே போதாது. எலிகன்ஸ் முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று மூன்றரை நாட்களில் தானே முட்டையிடத் தொடங்குகிறது. துணை தேட வேண்டியதில்லை. ஒரே புழு தன்னைத் தானே கருவுறச் செய்து முந்நூறு குஞ்சுகள் வரை ஈன்றுவிடும். கைக்கு அடக்கமான ஒரு வட்டத் தட்டில் ஏகார்க் கூழும் பற்றீரியாவும் இருந்தால் போதும், நூற்றுக்கணக்கானவை வளரும். தேவையற்றபோது உறைய வைத்து, ஆண்டுகள் கழித்து உயிர்ப்பிக்கவும் முடியும். 2003 ஆம் ஆண்டில் கொலம்பியா விண்ணோடம் வானில் சிதறியபோது ஏழு விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர். அதில் ஆய்வுக்காகக் கொண்டு செல்லப்பட்ட இப்புழுக்கள் தரையில் கண்டெடுக்கப்பட்ட கலங்களுள் உயிருடன் இருந்தன.

இப்புழுவும் முதுமையடைகிறது என்பதே நமக்கு முக்கியம். பத்து நாட்களைக் கடந்ததும் அதன் நெளிவு தளர்கிறது. உணவை விழுங்கும் தொண்டையின் துடிப்பு மெதுவாகிறது. தசைகள் நைந்து போகின்றன. இறந்ததா இல்லையா என்பதை அறிய ஆய்வாளர்கள் மெல்லிய பிளாற்றினக் கம்பியால் அதன் தலையைத் தொட்டுப் பார்ப்பர். அசைவில்லையெனில் கணக்கில் ஒன்று குறைக்கப்படும். 2002 இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மோனிக்கா டிரிஸ்கோல் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்று நமது சிந்தனைக்குரியது. ஒரே மரபணு, ஒரே தட்டு, ஒரே உணவு, ஒரே வெப்பநிலை. அவ்வாறிருந்தும் சில புழுக்கள் பத்தாம் நாளிலேயே தளர்ந்து மடிய, வேறு சில முப்பது நாள் வரை வாழ்ந்தன. தசைகள் சிதைந்த பின்னரும் நரம்புகள் பெருமளவு கெடாதிருந்தன. பரம்பரையும் சூழலும் ஒன்றாயிருந்தும் முதுமை ஒன்றாயில்லை. தற்செயல் என்ற மூன்றாவது காரணமும் உண்டு என்பதை அப்புழுக்கள் காட்டின. 'தலையெழுத்து' என்று நம் முன்னோர் கூறியதை விஞ்ஞானிகள் இப்போது புள்ளிவிபரத்தில் எழுதுகின்றனர் போலும்.

முதுமை என்பது இயந்திரம் தேய்வது போன்ற ஒன்று, அதனை எந்த மரபணுவும் ஆள முடியாது என்பதே நெடுங்காலமாக நிலவிய கருத்து. அதனை முதலில் அசைத்தவர் மைக்கேல் கிளாஸ். மரபணு மாற்றத்துக்குள்ளான புழுக்களுள் நீண்டகாலம் வாழும் சிலவற்றை 1983 இல் அவர் பிரித்தெடுத்தார். அவற்றை மேலும் ஆராய்ந்த தோமஸ் ஜோன்சன், 1988 இல் 'ஏஜ்-1' என்ற ஒற்றை மரபணு குறைபட்டால் வெப்பநிலையைப் பொறுத்துச் சராசரி ஆயுள் 40 முதல் 65 சதவீதம் வரை கூடுகிறது என அறிவித்தார். பலர் நம்ப மறுத்தனர். 1993 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சன் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த சிந்தியா கென்யன், 'டஃப்-2' என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்குகிறது என்பதை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. மற்றைய புழுக்கள் ஊர முடியாது கிடந்த வயதில் இவை இளமையோடு நெளிந்தன.

டஃப்-2 என்பது என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விடை 1997 இல் ஹார்வர்டைச் சேர்ந்த கரி ருவ்கன் குழுவினரிடமிருந்து கிடைத்தது. அது இன்சுலினை ஒத்த ஓமோன்களை ஏற்கும் வாங்கி. நீரிழிவு நோயாளர் வாயில் நாள்தோறும் அடிபடும் அதே இன்சுலின் தொடர்பான கட்டமைப்புத்தான். உணவு தாராளமாகக் கிடைக்கும்போது இந்த வாங்கி செயற்பட்டு, 'வளர், பெருகு' என உடலுக்குக் கட்டளையிடுகிறது. அப்போது 'டஃப்-16' என்ற வேறொரு புரதம் கலத்தின் கருவுக்கு வெளியே தள்ளி வைக்கப்படுகிறது. வாங்கியின் குரல் தணிந்தால் டஃப்-16 கருவுக்குள் நுழைந்து, பழுது பார்க்கும் மரபணுக்களையும் நச்சுக்களை நீக்கும் மரபணுக்களையும் இயக்குகிறது. மனிதரிடத்தில் இதற்கு ஒத்த புரதங்கள் உண்டு. ஹவாய்த் தீவுகளில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடையே நடத்தப்பட்டு 2008 இல் வெளிவந்த ஆய்வு, அவற்றுள் ஒன்றான 'ஃபொக்ஸோ-3' மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட ஆயுளோடு தொடர்புற்றிருப்பதைக் காட்டியது.

இயற்கையில் இந்த ஏற்பாடு எதற்கு என்பதை அறிந்தால் விடயம் தெளிவாகும். பஞ்சமும் நெருக்கடியும் வந்தால் எலிகன்ஸின் குடம்பி ஒரு தனி நிலைக்குச் செல்கிறது. வாயை மூடிக்கொண்டு, தடித்த தோலோடு, உண்ணாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நல்ல காலம் பிறந்ததும் விட்ட இடத்திலிருந்து வாழ்வைத் தொடரும். ஜேர்மன் மொழியில் நீடித்திருத்தல் எனப் பொருள்படும் 'டௌவர்' என்ற பெயரால் இந்நிலை அழைக்கப்படுகிறது. டஃப்-2 இந்த நிலைக்குள் புகுவதைக் கட்டுப்படுத்தும் மரபணுவாகவே முதலில் அறியப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் மூன்றாவது புழுவொன்றையும் நினைவுகூர வேண்டியுள்ளது. கொக்கிப்புழு. வெறுங்காலுடன் மலையேறிய நமது மூதாதையரின் இரத்தத்தை உறிஞ்சி, அவர்களைச் சோகை பிடித்தவர்களாக்கிய புழு அது. இலங்கைத் தோட்டங்களில் அதனை ஒழிக்க 1916 ஆம் ஆண்டிலிருந்து ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் இயக்கம் நடத்தப்பட்டது. மண்ணில் உணவின்றிக் காத்திருந்து, மனிதப் பாதத்தைத் துளைத்து உட்புகும் அதன் குடம்பி நிலை, எலிகன்ஸின் டௌவர் நிலையைப் பெரிதும் ஒத்தது என்பதை விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியுள்ளனர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் பூச்சி மாத்திரை வகையொன்று புழுவின் உடலில் எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்பதும் 1989 இல் எலிகன்ஸை வைத்தே உறுதி செய்யப்பட்டது. தேயிலை வேரில் ஒன்று, குடலில் ஒன்று, ஆய்வுகூடத் தட்டில் ஒன்று. மூன்றும் ஒரே குலம்.

சரி, தேயிலைக்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கும் இப்புழுவிடம் விடை தேடியுள்ளனர். பச்சைத் தேயிலையில் மிகுந்துள்ள கட்டெக்கின் வகைச் சேர்மமொன்று எலிகன்ஸின் ஆயுளைச் சிறிதளவு கூட்டுகிறது என ஜேர்மனியிலிருந்து 2009 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு, கடும் நெருக்கடியில் மாத்திரமே பயன் உண்டு, சாதாரண நிலையில் ஆயுள் கூடவில்லை என்றது. 2021 இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் மேலும் சுவையான விளக்கமொன்றைத் தந்தனர். கட்டெக்கின் உடனடியாக நச்சு ஒட்சிசன் மூலக்கூறுகளைக் குறைப்பதில்லை. மாறாக, முதலில் சிறிது கூட்டுகிறது. அந்தச் சிறு இடையூறுக்கு முகங்கொடுக்கும் கலங்கள் தமது தற்காப்பைப் பலப்படுத்திக்கொள்கின்றன. பின்னர் அப்பலமே ஆயுளைக் கூட்டுகிறது.

இந்தச் செய்தியைப் படித்ததும் 'எங்கள் தேத்தண்ணியே மருந்து' என்று மார்தட்டத் தோன்றும். ஆயினும் பொறுமை வேண்டும். திம்புள்ளயில் உற்பத்தியாகும் தேயிலை பெரும்பாலும் கறுப்புத் தேயிலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைக்கும்போது கட்டெக்கின்களின் பெரும்பகுதி ஒட்சியேற்றமடைந்து, நிறத்தையும் சுவையையும் தரும் தியாஃபிளேவின் முதலிய சேர்மங்களாக மாறிவிடுகிறது. அளவிட்ட கட்டெக்கினில் ஊறிக் கிடந்த புழுவின் அனுபவத்தை, சீனி கரைத்த ஒரு கோப்பைச் சாயத்துக்குப் பொருத்திப் பார்ப்பது விஞ்ஞானமாகாது.

இன்னுமோர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். மூத்த தோட்டத் தொழிலாளர்கள் 'கிரமக்சோன்' என்ற பெயரில் அறிந்த களைகொல்லியின் மூலப்பொருள் பரகுவட். பல உயிர்களைக் காவு கொண்டதாலேயே இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. அதே பரகுவட்டை மிக மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது எலிகன்ஸின் ஆயுள் கூடியது என 2010 இல் கனடாவிலிருந்து ஆய்வொன்று வெளிவந்தது. சிறு இடையூறு தற்காப்பைத் தூண்டுகிறது என்ற அதே விளக்கந்தான். இதைப் படித்துவிட்டு ஒருவர் பரகுவட்டைத் தொட்டால் என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. புழுவுக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டுவதில்லை.

பத்திரிகைகளும் இவ்விடயத்தில் குற்றமற்றவையல்ல. எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். 2001 ஆம் ஆண்டில், 'சேர்-2' என்ற மரபணுவைக் கூட்டினால் புழுவின் ஆயுள் பாதியளவு அதிகரிக்கும் என்ற ஆய்வு வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து அந்த மரபணுவின் குலத்தைத் தூண்டும் பொருள் சிவப்பு வைனில் இருக்கிறது என்று உலகெங்கும் தலைப்புச் செய்திகள். மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2011 இல், இலண்டன் ஆய்வாளர்கள் அப்புழுக்களின் ஏனைய மரபணு வேறுபாடுகளைச் சீராக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோது அந்த ஆயுள் நீட்சி மறைந்து போயிற்று. முதற் செய்திக்குக் கிடைத்த இடம் இரண்டாவது செய்திக்குக் கிடைக்கவில்லை. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபோமின் மாத்திரை புழுவின் ஆயுளைக் கூட்டுவதும் உண்மையே. ஆனால் 2013 இல் வெளிவந்த ஆய்வின்படி, அது முதலில் மாற்றுவது புழுவை அல்ல, புழு தின்னும் பற்றீரியாவையே.

நம்மவர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உணவைப் பற்றியது. உணவைக் குறைத்தால் எலிகன்ஸ் கூடுதல் காலம் வாழும் என்பது பல தடவை நிரூபிக்கப்பட்ட உண்மை. அரை வயிறு உண்டால் ஆயுள் கூடும் என்ற அறிவுரை இதிலிருந்து கிளம்பி, இப்போது நகரத்து வசதிபடைத்தோரிடையே நாகரிகமாகியுள்ளது. நமது லயங்களில் அதனை யாரும் போதிக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் தேசிய ரீதியில் 17 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் 32 சதவீதமாக இருந்தனர். ஆய்வுகூடத்துப் புழுவுக்குக் குறைக்கப்படுவது மிகையான உணவு. அதற்குக் குளிரில்லை, மழையில்லை, முதுகில் கூடையில்லை. வளரும் பிள்ளைக்கும் கருவுற்ற தாய்க்கும் உணவு குறைவது ஆயுளைக் கூட்டும் வழியன்று. அதனைப் பறிக்கும் வழி.

புழு அதையும் சொல்கிறது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், நீண்டகாலம் வாழும் ஏஜ்-1 புழுக்களையும் சாதாரண புழுக்களையும் ஒரே தட்டில் விட்டு, இடையிடையே பட்டினி போட்டனர். சில தலைமுறைகளுக்குள் நீண்ட ஆயுள் கொண்டவை அருகிப் போயின. நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை உண்டு; நிறைந்த தட்டில் அது தெரிவதில்லை, பஞ்சம் வரும்போதே தெரிகிறது.

அண்மைக்கால ஆய்வுகள் எழுப்பியுள்ள கேள்விகளுள் நாம் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. 2015 இல் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹைடி டிசன்போம் குழுவினர், நீண்ட ஆயுள் கொண்ட புழுக்கள் அந்தக் கூடுதல் நாட்களை எவ்வாறு கழிக்கின்றன என்று பார்த்தனர். நடமாட்டம், வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் முதலியவற்றை அளந்தபோது, கூடுதலாகக் கிடைத்த ஆயுளின் பெரும்பகுதி தளர்ந்த நிலையிலேயே கழிந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு இதனை மறுத்தது. டஃப்-2 புழுக்கள் அசையாதிருப்பது தளர்ச்சியால் அன்று, அவற்றின் இயல்பால் என்றும், அவற்றின் உடல்வலு உண்மையிலேயே நீடிக்கிறது என்றும் வாதிட்டது. இவ்வாதம் முற்றாக முடியவில்லை. ஆயினும் ஆயுள் வேறு, ஆரோக்கியத்தோடு வாழும் காலம் வேறு என்ற வேறுபாடு அன்று முதல் முதுமை பற்றிய ஆய்வுகளின் மையத்துக்கு வந்துவிட்டது.

அவ்வேறுபாட்டை மலையகத்தார் ஆய்வுக் கட்டுரையில் படித்தறிய வேண்டியதில்லை. தெற்காசியாவில் வேகமாக முதுமையடைந்து வரும் நாடு இலங்கை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைக் கடந்தோர் 12.4 சதவீதமாக இருந்தனர். அதன் பின்னர் அந்த விகிதம் உயர்ந்தே வந்துள்ளது. அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் ஒரே தொகையாகக் கிடைக்கின்றன. அது மகளின் திருமணத்திலோ வீட்டுக் கூரையிலோ பழைய கடனிலோ கரைந்து போகிறது. மாதந்தோறும் வரும் வருமானம் இல்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றபின், லயத்துப் படிக்கட்டில் இறங்க மாட்டாத முழங்காலோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமாரை நாம் எந்தத் தோட்டத்திலும் காணலாம். அவர்களது தசையும் மூட்டும் தேய்ந்தது காலத்தால் மாத்திரமன்று; முப்பது நாற்பது ஆண்டுகள் செங்குத்தான மலையில் பாரம் சுமந்ததாலும் தேய்ந்தது. அவர்களுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் கூட்டித் தருவதாக ஒரு மாத்திரை வந்தால், அந்தப் பத்து ஆண்டுகளும் எப்படிப்பட்டவையாக இருக்கும் என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும். புழுவை ஆராய்வோர் இப்போது அதே கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர்.

இந்த ஆராய்ச்சிகள் செல்வந்த நாடுகளின் தனிச்சொத்து என்று எண்ண வேண்டியதில்லை. மலையக மக்களின் மூதாதையர் பலர் புறப்பட்டு வந்த சீமைக்கு நடுவே உள்ளது காரைக்குடி. அங்குள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. பாலமுருகனின் குழுவினர், நோய்க் கிருமிகள் எலிகன்ஸை எவ்வாறு தாக்குகின்றன, அது எவ்வாறு எதிர்த்து நிற்கிறது என நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். புதுடில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அர்னாப் முகோபாத்யாயவின் ஆய்வுகூடம் இப்புழுவின் ஆயுளையும் இன்சுலின் தொடர்பான கட்டமைப்பையும் ஆராய்கிறது. கோடிக்கணக்கான பணம் கொட்டி எலிக் கூடங்களும் குரங்குக் கூடங்களும் அமைக்க இயலாத இடங்களிலும் உயர்தர ஆய்வு நடத்தலாம் என்பதை இவை காட்டுகின்றன.

திம்புள்ளவுக்கோ இயற்கையே தந்த வசதியொன்று உண்டு. உலகின் ஆய்வுகூடங்கள் எலிகன்ஸை வழக்கமாக வளர்க்கும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். சென்னையிலும் கொழும்பிலும் இதற்காகக் குளிரூட்டும் பெட்டி இரவுபகலாக ஓட வேண்டும். தலவாக்கலையின் பகற்பொழுது அதற்கு வெகு அண்மித்தது. 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு நூற்றாண்டைக் கடந்துவிட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வட்டப்புழுக்களைப் பிரித்தெடுத்து இனங்காணும் அனுபவம் பல தசாப்தங்களாகத் திரண்டுள்ளது. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இல்லாதது, இவற்றை உயர்தர விஞ்ஞானப் பிரிவில் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளோடு இணைக்கும் ஒரு பாலமே. விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை பற்றி இப்பகுதியில் எத்தனையோ தடவை எழுதிவிட்டோம். ஆசிரியர் வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பதால் அதனையும் எழுதி வைக்கின்றோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பேர்மன் என்ற வைத்தியர், மண்ணிலுள்ள கொக்கிப்புழுக் குடம்பிகளைப் பிரிக்க ஓர் எளிய முறையைக் கண்டார். இன்றும் உலகெங்கும் அதுவே பயன்படுகிறது. ஒரு புனல், அதன் காம்பில் மாட்ட ஓரடி றப்பர்க் குழாய், குழாயை இறுக்க ஒரு கவ்வி, ஒரு துண்டு மெல்லிய துணி. இவ்வளவே தேவை. புனலில் நீரை நிரப்பி, துணியில் மண்ணையோ, நறுக்கிய தேயிலை வேரையோ, அழுகிய வாழைப்பழத் தோலையோ பொதிந்து நீரில் அமிழும்படி வைத்துவிட வேண்டும். புழுக்கள் இரவோடிரவாக நீரினுள் நெளிந்து வெளியேறும். நீந்தி மேலே வர இயலாமையால் காம்பின் அடியில் வந்து தங்கும். காலையில் கவ்வியைத் தளர்த்தி இரண்டொரு துளியைக் கண்ணாடித் தட்டில் எடுத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். வாயில் ஊசி போன்ற ஒரு கூர் தெரிந்தால் அது தாவரங்களைக் குத்தி உறிஞ்சும் வகை. வேரிலிருந்து வந்ததாயின் தேயிலையின் எதிரியாகவே இருக்கக்கூடும். ஊசியின்றி, தொண்டை மாத்திரம் விடாது துடித்துக்கொண்டிருந்தால் அது பற்றீரியாவைத் தின்று வாழும் எலிகன்ஸின் சுற்றத்தார்.